பால்கட்டு என்று நினைத்தோம்

இடது மார்பில் அந்தக் கட்டி முதன்முதலாகக் கையில் பட்டபோது இனியா அதே மார்பில்தான் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் நன்றாக இறங்கட்டும் என்று மேலிருந்து விரலால் நீவிவிடுவது என் வழக்கம். அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. குழந்தை குடித்து முடித்ததும் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டொரு நாளில் என் மாமியாரிடம் சொன்னேன். அவர் கை வைத்துப் பார்த்தார். "பால் கட்டிக்கிட்டு இருக்கு சுமதி. பிள்ளைய அந்தப் பக்கமே போட்டுக் குடு, சரியாயிடும்" என்றார்.

பால்கட்டு (பால் வெளியேறாமல் தேங்கி மார்பு கனத்துக்கொள்வது) பால் கொடுக்கும் பெண்களில் பலருக்கும் வருவதுதான். அதற்கான வைத்தியமும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். விளக்கெண்ணெய் தடவி, மரச்சீப்பால் மேலிருந்து காம்பை நோக்கி வாரிவிடுவார்கள். நான் இரண்டையும் செய்தேன். சுற்றிலும் இளகியது, கட்டி மட்டும் அப்படியே இருந்தது.

அதையெல்லாம் நான் சந்தோஷமாகவே செய்தேன். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள் இனியா. அதற்கு முன்பு வளைகாப்புகளுக்கு என்னையும் அழைப்பார்கள், வளையல் அடுக்கும் நேரம் வந்தால் வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பால்கட்டு என்ற சொல்லே பெருமையாக இருந்தது. கட்டிக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பால் இருக்கிறதாம் என்று ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டேன்.

தாராசுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் என் தையல் கடை. கணவருக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் உண்டு. கொஞ்சம் குத்தகைக்கும் எடுத்துச் செய்கிறார். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், குழந்தை, கணவரின் தங்கை ரேவதி. ரேவதி கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் பயப்படாமல் இருந்ததற்கு ரேவதியும் ஒரு காரணம். இனியா பிறப்பதற்கு முன்பு ரேவதிக்கு வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. அவளுக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் நின்று, "அண்ணி, இங்க ஒண்ணு உருளுது, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அழுதாள். நான் தொட்டுப் பார்த்தேன். கோலிக்குண்டு போல உருண்டையாக இருந்தது. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடியது. மாதவிலக்குக்கு முன்னால் வலிக்கிறது என்றாள்.

வீடு ஆடிப்போனது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பல் வலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். பல் வலிக்கு எதற்கு ஒரு குடும்பமே பஸ் ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் தசை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஃபைப்ரோ அடினோமா (நார்த்திசுக் கட்டி, இளம் பெண்களுக்குச் சாதாரணமாக வருவது, புற்றுநோய் அல்ல) என்று முடிவு வந்தது. சிறியதாக இருந்தால் எடுக்கக்கூட வேண்டாமாம். அவளுடையது வளர்ந்துகொண்டிருந்ததால் சின்னதாகக் கீறி எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டாள்.

அந்தப் பயணத்தில் எங்கள் குடும்பம் பாதிப் பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு திரும்பியது. கட்டி என்றால் ஒன்றுமில்லை, தஞ்சாவூர் போனால் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். என் கட்டி ரேவதியுடையதைப்போல வலிக்கவும் இல்லை. வலிக்கிறதே ஒன்றுமில்லை என்றார்கள், வலிக்காததற்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நான் கணக்குப் போட்டேன். இதைப் படிக்கும் நீங்களும் இப்போது அந்தக் கணக்கில் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மார்பில் வருகிற கெட்ட கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

இனியா தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கிய மாதத்தில் இடது மார்பைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். வாய் வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வலப்பக்கம் தாவுவாள். (குழந்தைகள் ஒரு பக்கத்தை வேண்டாம் என்பதற்கு எத்தனையோ காரணம் உண்டு, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார்.) "அந்தப் பக்கத்துப் பால் கெட்டுப்போச்சு. பூ வச்சுக் கட்டிடு, வத்திடட்டும்" என்றார் மாமியார்.

மல்லிகைப்பூவை நெருக்கமாகத் தொடுத்து மார்பின்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றும். எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. ரேவதிதான் பூ வாங்கிவந்து கட்டிவிட்டாள். இரண்டு மூன்று நாள் பூவை மாற்றிக் கட்டினோம். மார்பு தளர்ந்து, பால் வற்றியது. தண்ணீர் வடிந்த வயலில் வரப்பு தெரிவதுபோல அந்தக் கட்டி தனியாகத் தெரிந்தது. அது புளியங்கொட்டை அளவில் இல்லை. எலுமிச்சைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மேலே தோல் லேசாக உள்ளிழுத்துக் குழிந்திருந்தது.

ரேவதி துணியை அவிழ்த்தவள் அதில் விரலை வைத்து இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, என்னுது நகர்ந்துச்சு. இது நகரலை."

மறுநாள் தஞ்சாவூருக்குப் போனோம். பல் வலிக் கதை இந்த முறை யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேமோகிராம் (மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே), ஸ்கேன், பயாப்ஸி (சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து தசை எடுத்துச் செய்யும் சோதனை) மூன்றும் எழுதிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை பாலுக்கு அழுதது. சுற்றிலும் ஆண்கள் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். கூத்தாநல்லூர்க்காரர், அறுபத்தைந்து வயது இருக்கும், மகளோடு வந்திருந்தார். "புள்ள பசியில அழுவுது, குடும்மா, நான் மறைச்சுக்கிறேன்" என்று தன் வெள்ளைத் துப்பட்டியை விரித்து எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அந்தத் துணிக்குள் நானும் என் மகளும் மட்டும் இருந்தோம். அவள் வலப்பக்கம் குடித்தாள். அவ்வளவு நிம்மதியாக நான் அவளுக்குப் பால் கொடுத்தது அதற்கு முன்பு இல்லை.

அந்த அம்மாவுக்கும் மார்பில் கட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து தொட்டி விளிம்பில் மார்பு இடித்திருக்கிறது. பிறகு அங்கே கெட்டியாகிவிட்டது. இந்த வயதில் வந்தால் அதுதான் என்று முடிவுசெய்து, மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். முடிவு வாங்கப் போன நாளில் இருவரும் மறுபடி பார்த்துக்கொண்டோம். அவருக்கு வந்தது கொழுப்புத் திசு அடிபட்டு இறுகிய கட்டி, புற்றுநோய் அல்ல. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த அம்மா என்னிடம் வந்து, "உனக்கும் நல்லபடியா வரும்மா" என்று தலையைத் தொட்டார். எனக்கு அப்படி வரவில்லை.

டாக்டர் என் வயதை ஒட்டிய பெண். சுற்றிவளைக்காமல் சொன்னார். "சுமதி, இது கேன்சர் கட்டிதான். மார்பைத் தாண்டி வேற உறுப்புக்குப் போகலை. குணப்படுத்துறதுக்குத்தான் வைத்தியம் பண்ணப்போறோம். முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு."

என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிழைப்பேனா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"பாப்பாவுக்கு இன்னும் எவ்வளவு நாள் பால் குடுக்கலாம் டாக்டர்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கீமோ ஆரம்பிக்கிற வரைக்கும் நல்லா இருக்கிற பக்கம் குடுங்க. மருந்து ஏறினதுக்கு அப்புறம் குடுக்கக் கூடாது. அது பால்ல வரும்."

"இவ்வளவு நாளா அந்தப் பக்கம் குடிச்சாளே. அவளுக்கு எதுவும்?"

"ஒண்ணும் ஆகாது. பால் வழியா கேன்சர் பரவாது. அந்தப் பயம் மட்டும் வேண்டாம்."

கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்க நரம்பில் ஏற்றும் மருந்து) அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது.

குழந்தை தாய்ப்பாலை நிறுத்துவதை நாங்கள் பால் மறப்பது என்போம். நிறுத்த வைப்பதற்குப் பெயர் மறக்கடிப்பது. எத்தனையோ பெண்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல். தைக்க வருகிறவர்களிடம் நானே, பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சாச்சா என்று கேட்டிருக்கிறேன். அந்த வாரம்தான் அதன் அர்த்தம் காதில் விழுந்தது. என் மகள் என்னை மறப்பதற்கு நானே ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

வேப்பிலையை அரைத்துக் காம்பில் பூசிக்கொண்டேன். இனியா வாய் வைத்தாள், முகம் கோணியது. என்னைப் பார்த்தாள். பாவாடைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வாய் வைத்தாள். கசப்போடு விழுங்கினாள். மாமியார் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றவர், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். தெரியாமல் பால்கட்டு என்று சொல்லிவிட்டதற்காக அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடிய நாட்கள் அவை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும்தான் அதை நம்ப ஆசைப்பட்டேன்.

கசப்பு பலிக்கவில்லை என்று குழந்தையைப் பிரித்து வைத்தார்கள். ரேவதியும் மாமியாரும் அவளை அய்யம்பேட்டையில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். புறப்படும் முன் கடைசியாக ஒரு முறை கொடுத்தேன். அவளுக்கு அது கடைசி என்று தெரியாது. குடித்துக்கொண்டே என் தாலிக்கயிற்றைத் திருகி விளையாடினாள், பாதியிலேயே தூங்கிவிட்டாள். நான் எழுப்பிக் கொடுத்திருக்கலாம். எழுப்பவில்லை. இன்றுவரை அந்த மீதிப் பாலை நினைத்து ஏங்குகிறேன்.

டாக்டர் பால் நிற்க மாத்திரை கொடுத்திருந்தார். அதோடு வலப்பக்கமும் பூ கட்டிக்கொண்டேன். கட்டிவிட வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. கணவர்தான் கட்டிவிட்டார். நாற்றுக்கட்டு கட்டிப் பழகிய கை, முடிச்சு அவிழவே இல்லை. இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை.

சிகிச்சையைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி தாங்கும். எனக்கு முடி கொட்டியது, வாய் வெந்தது, குழம்பு கொதிக்கும் வாசனையே ஆகவில்லை. வெள்ளை அணுக்கள் (கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) குறையும் நாட்களில் சளி பிடித்த குழந்தையை அருகில் விடக் கூடாது என்றார்கள். குழந்தைக்குச் சளி இல்லாத நாள் என்று ஒன்று உண்டா? அவள் அய்யம்பேட்டையிலிருந்து திரும்பிய பிறகு, அறையின் உள்ளே நான், கதவுக்கு வெளியே அவள். முதலில் கதவைத் தட்டி அழுதாள். பிறகு தட்டி விளையாடினாள். பிறகு தட்டுவதையே விட்டுவிட்டாள்.

குறுவை அறுப்பு முடிந்த சமயம் இடது மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். கட்டு பிரித்த அன்று கீழே பார்த்தேன். என் தொழில் அளவெடுப்பது. எத்தனையோ பெண்களின் மார்புக்கு ஏற்றபடி துணியை வெட்டியவள், எனக்கு எப்படி வெட்டுவது என்று யோசித்தேன். அழுகை அதற்கும் பிறகுதான் வந்தது.

கதிர்வீச்சும் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது இனியா முழுசாகப் பேசக் கற்றிருந்தாள். என்னிடம் வந்தாள், மடியில் உட்கார்ந்தாள், கதை கேட்டாள். ஆனால் மார்புப் பக்கம் அவள் கை வரவே இல்லை. தூங்குவதற்கு மாமியாரின் காது மடல் வேண்டும் அவளுக்கு. அதைத் தடவிக்கொண்டே தூங்கினாள். எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கிறது, பிள்ளை ஏங்கிப்போகாமல் தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். ஒரே ஒரு தடவை, தூக்கக் கலக்கத்திலாவது, என் ஜாக்கெட்டை இழுக்க மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

உடம்பு ஒரு பக்கம் கனம் குறைந்ததால் தோள் சாய்ந்தது. நடக்கும்போது சுவரோரம் ஒதுங்குவதுபோல இருக்கும். நானே ஒரு துணிப்பை தைத்துப் பஞ்சு வைத்துப் பார்த்தேன், கனம் போதவில்லை. கடுகு போட்டேன். அளவு சரியாக வந்தது. கடுகு விற்கும் விலையில் இது நகை மாதிரி என்று ரேவதி கிண்டல் செய்தாள். இடது கையில் ஊசி குத்திவிட்டால் கை வீங்கிக்கொள்ளும் (நெறிக்கட்டி எடுத்த பக்கம் நிணநீர் வடியாமல் தேங்கும்) என்பதால் அங்குஸ்தான் (ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறை) போடாமல் கையால் தைப்பதில்லை. நோய் திரும்பி வராமல் இருக்க மாத்திரை இன்னும் பல வருடம் சாப்பிட வேண்டும். அதுவரை இன்னொரு பிள்ளையைப் பற்றி நினைக்கக் கூடாது.

கடையைத் திறந்த பிறகு ஒன்று நடந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் திரைக்குப் பின்னால் போனதும் குரலைத் தாழ்த்தினார்கள். "அக்கா, இங்க கை வச்சுப் பாருங்களேன்." கல்லூரிப் பெண், மூன்று பிள்ளை பெற்றவர், பேரன் எடுத்தவர் என்று எல்லா வயதும் வந்தார்கள். நான் கை வைப்பதில்லை. கை வைத்துச் சொன்னதால்தான் நான் இந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் உங்களுடையது எது என்று உங்கள் வயதும் சொல்லாது, வலியும் சொல்லாது, வழுக்குவதை வைத்து முடிவுசெய்யவும் முடியாது. பரிசோதனைதான் சொல்லும். பால் கொடுப்பவராக இருந்தாலும் சில நாளில் கரையவில்லை என்றால் போய்விடுங்கள்.

ரேவதிக்குக் கல்யாணமாகி, போன தையில் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. கீறி எடுத்த மார்பில் பால் வராதோ என்று பயந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நன்றாகவே வந்தது.

அவள் பால் கொடுக்கும் நேரமெல்லாம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். பிறகு மாமியார் அவளிடம் தாழ்ந்த குரலில், "அண்ணி எதிர்க்க உக்காந்து குடுக்காதடி, அதுக்கு மனசு கேக்காது" என்பது காதில் விழுந்தது. எனக்காகத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. புரிந்தும் வலித்தது. வளையல் அடுக்கும் நேரத்தில் விலக்கப்பட்டவளாகவே மறுபடி நின்றேன்.

அன்று மாலை கதவைத் தள்ளித் திறந்தேன். "இங்க காத்தே இல்லை. கூடத்துல வந்து உக்காந்து குடு" என்றேன்.

"இல்லண்ணி, அது..."

"எனக்கு மனசு கேக்காதுதான். பாக்கணும்னும் இருக்கு. ரெண்டும்தான் இருக்கு. நீ வெளிய வா."

வந்தாள். என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தாள். பொறாமையாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் குழந்தை விழுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொக்கி வைத்தேன்.

சென்ற வாரம் ரேவதி குளிக்கப் போயிருந்தாள். மாமியார் கடைக்குப் போயிருந்தார். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதான். தூக்கித் தோளில் போட்டேன். அவன் தலையை அசைத்து அசைத்து, வாயைத் திறந்துகொண்டு, என் இடப்பக்கமாக இறங்கினான். பால் கொடுத்தவர்களுக்குத் தெரியும், குழந்தை அழுதாலே போதும், வாய் வைப்பதற்கு முன்பே மார்பு சுருக்கென்று கடுத்துப் பால் இறங்கும். அப்படியே இறங்கியது. இல்லாத மார்பில், அதே இடத்தில், அதே கடுப்பு. (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக நரம்புகள் உணர்வது, பலருக்கு உண்டு.) ஜாக்கெட் நனைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். காய்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தரையில் படம் வரைந்துகொண்டிருந்த இனியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா பாப்பா அழுவுது?"

"பாலுக்கு."

"உங்கிட்ட இல்லையா?"

"இல்லை. முன்னாடி இருந்துச்சு. நீதான் குடிச்சே."

அவள் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள். "நானா? இல்லையே. எனக்குத் தெரியலையே" என்றாள்.

"குடிச்சே" என்றேன்.

நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு இடப்பக்கம் இன்னும் கடுத்துக்கொண்டிருந்தது.